ரெக்கார்டே இல்லை, அப்புறம் வட்டம் எதுக்கு?

போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். திண்டுக்கல் பக்கம் மண்டபம். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷனுக்கு டிஜே வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயசு இருக்கும் பையன். மேஜை மேல் ஒரு லேப்டாப், அதற்கு முன்னால் ஒரு பெட்டி, பெட்டியின் இரண்டு பக்கமும் கை அகலத்துக்கு இரண்டு வட்டங்கள். என் கூட உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நேராக அந்தப் பையனிடம் போய்விட்டார்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. இளவயதில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தவர். திருவிழா, சடங்கு, கல்யாணம் என்று ஊர் ஊராக ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய், தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடிய விடிய பாட்டுப் போட்டவர்.

"தம்பி, இதுல ரெக்கார்டு எங்கப்பா இருக்கு?"

"எல்லாம் லேப்டாப்ல இருக்கு தாத்தா."

"அப்ப இந்த வட்டம் எதுக்கு?"

பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அது… சுத்துறதுக்கு தாத்தா" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கேள்வி சரியான கேள்வி. பாட்டு முழுக்க ஃபைலாக ஆன பிறகு, அதை ஓட்டுகிற கருவியில் ஏன் இன்னும் வட்டம் இருக்கிறது? டைப்ரைட்டர் போனதும் அதன் உருளை கூடவே போய்விட்டது. கேசட் போனதும் அதன் இரண்டு சக்கரங்களும் போய்விட்டன. ரெக்கார்டு போனது, வட்டம் போகவில்லை.

இதை இரண்டு மாதமாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். 'டிஜேக்களுக்கு வினைல் ரெக்கார்டு இனி தேவையா, டிஜிட்டல் வந்து அதை அழித்துவிடுமா' என்ற சண்டை இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. இரண்டு பக்கமும் வீராவேசமாகப் பேசுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான். ரெக்கார்டு ஒரு பொருள் போலத் தெரிந்தாலும் டிஜே கையில் அது இரண்டு வேலை பார்த்தது.

முதல் வேலை, பாட்டைச் சேமித்து வைப்பது. மாமா போட்ட ரெக்கார்டுக்கு இந்த ஒரு வேலைதான். ஊசியை வைப்பார், ஒதுங்கி நின்று பீடி பற்ற வைப்பார், மூன்று நிமிஷத்தில் திரும்பி வந்து தட்டை மாற்றுவார். அதனால்தான் எண்பதுகளில் கேசட் வந்ததும் அவருடைய தொழிலில் ரெக்கார்டு சுவடே இல்லாமல் போனது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பாட்டு, ஊசி மாற்ற வேண்டாம், வண்டி குலுங்கினால் உடையாது. அவருடைய முதலாளி பெட்டி பெட்டியாக இருந்த தட்டுகளைப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டாராம்.

இரண்டாவது வேலை என்ன என்பதற்கு நியூயார்க் போக வேண்டும்.

1970 வாக்கில் அங்கே சாங்க்சுவரி என்று ஒரு நடனக் கூடம். முன்பு சர்ச்சாக இருந்த கட்டடம். அங்கே பாட்டுப் போட்ட ஃபிரான்சிஸ் கிராசோ, ஒரு ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்ஃபோனில் கேட்டு, தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி வைத்து, சரியான அடியில் விடுவார். ஆட்டம் நிற்காது. நடனக் கூடத்தில் கை தட்டின் மேல் வருவது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான்.

அடுத்து பிராங்க்ஸ். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து அமெரிக்கா வந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பார்ட்டிக்குப் பாட்டுப் போட்டார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்றைக்கும் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். அவர் கவனித்த விஷயம் ரொம்ப எளிமையானது. பாட்டில் பாடகரும் மற்ற வாத்தியங்களும் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஓடுகிற சில விநாடிகள் வருமே, அப்போதுதான் ஆடுகிறவர்களுக்கு வெறி ஏறுகிறது. ஆனால் அது பத்துப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். எனவே அதே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் இன்னொன்றில் அதே இடம், அது முடிவதற்குள் முதலாவதைப் பின்னால் ஓட்டி மறுபடி ஆரம்பம். பத்து விநாடி டிரம்ஸ் பத்து நிமிஷமாகிவிட்டது.

ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பாக வைப்பார், தாளம் தட்டும். அதைச் சரி செய்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையன். ரெக்கார்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, எந்த இடத்தில் அடி விழுகிறது, பின்னால் எத்தனை சுற்று சுற்றினால் ஆரம்பம் வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டார். தட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பு கையை இழுத்ததால், அதை எடுத்துவிட்டு ஃபெல்ட் துணி வைத்தார். துணி தொளதொளவென்று இருந்ததால் அதற்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கினார். அவருடைய அம்மா தையல்காரர் என்பது இங்கே உதவியிருக்கிறது. இன்றும் 'ஸ்லிப்மேட்' என்று கடையில் விற்பது இந்தக் கஞ்சித் துணியின் பேரன்தான்.

1975 வாக்கில் இன்னொரு பிராங்க்ஸ் பையன், கிராண்ட் விசார்ட் தியடோர். வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்திருக்கிறான், அம்மா வந்து கத்துகிறார், இவன் அவர் பேசி முடிக்கும்வரை ஓடும் தட்டைக் கையால் பிடித்து லேசாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே நிற்கிறான். ஹெட்ஃபோனில் 'ஜிக்கு ஜிக்கு' என்று ஒரு சத்தம். ஸ்க்ராட்ச் பிறந்த கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. (அம்மாக்கள் இந்த வரலாற்றில் அடிக்கடி வருகிறார்கள். ஆராயத்தக்கது.)

ஆக ரெக்கார்டின் இரண்டாவது வேலை, காலத்துக்குக் கைப்பிடியாக இருப்பது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைக் கையால் பிடித்து நிறுத்த, தள்ள, திருப்ப, உலுக்க முடிந்த இடம் அதுதான்.

இதற்கு அந்தச் சுற்றும் வேகமும் ஒத்துழைத்தது. எல்பி வேகமான 33⅓-இல் தட்டு ஒரு சுற்று முடிக்க 1.8 விநாடி ஆகும். நிமிஷத்துக்கு 100 அடி ஓடுகிற ஹிப்-ஹாப் தாளத்தில் ஒரு அடிக்கு 0.6 விநாடி. போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அடி. நிமிஷத்துக்கு 133 சொச்சம் அடி என்றால் சுற்றுக்கு நான்கு. லேபிளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், பாட்டு எங்கே நிற்கிறது என்று கடிகார முள்ளைப் பார்ப்பது போலப் பார்த்துச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற அளவில் காலம் சுற்றுகிறது. இதை யாரும் டிஜேக்களுக்காக வடிவமைக்கவில்லை. தற்செயல்.

டர்ன்டேபிளும் அப்படித்தான். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-ஐ 1972-இல் வெளியிட்டபோது, வீட்டில் அமைதியாக இசை கேட்பவர்களைத்தான் மனதில் வைத்திருந்தது. பழைய மாடல்களில் மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் பெல்ட். கையால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் பெல்ட் வழுக்கி, முனகி, மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். டெக்னிக்ஸில் மோட்டாரே தட்டைச் சுற்றும். 1979 வாக்கில் வந்த எம்கே2 மாடல், நின்ற நிலையிலிருந்து 0.7 விநாடியில் முழு வேகத்துக்கு வந்துவிடும். வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் நீளமான ஒரு நெம்புகோல். அதற்குப் பிறகு முப்பது வருஷம் உலகத்தின் கிளப் மேஜைகளில் அதுதான்.

இனி டிஜிட்டல். சிடி வந்தபோது பாட்டைச் சேமிக்கிற வேலையை அது உடனே எடுத்துக்கொண்டது, ஆனால் கைப்பிடி இல்லை. 1994-இல் பயனியர் கொண்டுவந்த சிடிஜே-500-இல் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. தாளத்தை லேசாக நெட்டித் தள்ளலாம், அவ்வளவே. 2001-இல் வந்த சிடிஜே-1000-இல்தான் பெரிய வட்டம். மேலே கை வைத்தால் பாட்டு நிற்கும், அசைத்தால் ஸ்க்ராட்ச் ஆகும். உள்ளே இருந்தது சிடி. வெளியே இருந்தது ரெக்கார்டின் வேஷம்.

ஆனால் என்னை அசர வைத்தது அதே சமயத்தில் நெதர்லாந்தில் என்2ஐடி என்ற சின்னக் கம்பெனி செய்த வேலை. 'ஃபைனல் ஸ்க்ராட்ச்' என்று பெயர். ரிச்சி ஹாட்டின், ஜான் அக்வவிவா என்ற இரண்டு கனடா டிஜேக்கள் ஆரம்பத்திலிருந்தே அதில் கூட இருந்தார்கள். யோசனை இதுதான்: ரெக்கார்டை விட்டுவிடுங்கள், அதில் பாட்டு மட்டும் வேண்டாம்.

புரிகிற மாதிரி சொல்கிறேன். உண்மையான வினைல் தட்டு, உண்மையான ஊசி, உண்மையான டர்ன்டேபிள். ஆனால் தட்டில் பதிந்திருப்பது இசை அல்ல, காதைக் குடைகிற ஒரு 'கீ…' சத்தம். பின்னால் வந்த செராட்டோ தட்டில் அது விநாடிக்கு 1000 அதிர்வு. ஊசி அதைப் படித்து லேப்டாப்புக்கு அனுப்பும். 1000 வந்தால் தட்டு சரியான வேகத்தில் ஓடுகிறது. 500 வந்தால் பாதி வேகம். ஒன்றும் வராவிட்டால் கை பிடித்திருக்கிறது. முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று எப்படித் தெரியும்? இடது காதுச் சத்தத்துக்கும் வலது காதுச் சத்தத்துக்கும் நடுவே கால் அலை தள்ளிப் பதித்திருப்பார்கள். முன்னால் ஓடினால் ஒன்று முந்தும், பின்னால் ஓடினால் மற்றது முந்தும். போதாததற்குத் தட்டின் எந்த இடத்தில் ஊசி இருக்கிறது என்ற குறியீடும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். லேப்டாப் இதையெல்லாம் சில மில்லி விநாடியில் கணக்குப் போட்டு, ஹார்ட் டிஸ்கில் இருக்கிற பாட்டை அதே வேகத்தில், அதே திசையில், அதே நடுக்கத்தோடு ஓட்டும்.

இங்கேதான் ரெக்கார்டின் இரண்டு வேலைகளும் பிரிந்தன. சேமிப்பு கம்ப்யூட்டருக்குப் போனது. கைப்பிடி தட்டிலேயே நின்றது. 2004-இல் நியூசிலாந்தின் செராட்டோ தன்னுடைய 'ஸ்க்ராட்ச் லைவ்' மூலம் இதை நம்பகமாக்கிய பிறகு, பெரிய பெரிய ஸ்க்ராட்ச் டிஜேக்களே பாட்டுப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு இரண்டே இரண்டு 'கீ…' தட்டோடு கிளம்பினார்கள். டிஎம்சி உலகப் போட்டிகூட முதலில் இதை உள்ளே விடவில்லை, பிறகு விட்டுவிட்டது.

சேமிப்பில் டிஜிட்டல் ஜெயித்தது நியாயமான வெற்றி என்றே நினைக்கிறேன். இதைச் சொன்னால் வினைல் பக்தர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை. உறையோடு ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டு கால் கிலோவுக்குப் பக்கம் வரும். எண்பது தட்டு எடுத்துப் போனால் இருபது கிலோ. அதை விமானத்தில் ஏற்ற வேண்டும், தொலைந்தால் அன்றைய ராத்திரியே போச்சு. அதைவிட முக்கியமானது 'டப்பிளேட்' சமாச்சாரம். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டங்களிலும் அப்புறம் லண்டனின் ஜங்கிள், டப்ஸ்டெப் ஆட்களிடமும், இன்னும் வெளியாகாத பாட்டை ஒரே ஒரு தட்டில் வெட்டி வாங்கிப் போடும் வழக்கம் இருந்தது. அலுமினியத் தகட்டின் மேல் மெழுகு மாதிரி மெல்லிய பூச்சு. காசு கொடுத்து, வரிசையில் நின்று வெட்டி வாங்கினால், கொஞ்ச வாரம் போட்டதும் தேய்ந்து இரைச்சல் ஏறிவிடும். இன்றைக்கு மத்தியானம் முடித்த பாட்டை ராத்திரி போட்டுப் பார்க்க ஒரு பென்டிரைவ் போதும். கையில் காசில்லாத இளைஞனுக்கு இது எவ்வளவு பெரிய கதவு! ஹெர்க் செய்ததைச் செய்ய ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு பிரதி வாங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இழந்தது என்ன?

ஒரு நண்பர் வீட்டில் இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்சர், ஒரு ஜோடி 'கீ…' தட்டு இருக்கின்றன. மூன்று வாரம் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்று சேர்ப்பதைத்தான் 'பீட்மேட்சிங்' என்கிறார்கள். ஒரு காதில் ஓடுகிற பாட்டு, மறு காதில் வரப்போகிற பாட்டு. இரண்டும் முதலில் ஒன்றாகத்தான் தொடங்கும். பத்து விநாடியில் குதிரை ஓட்டம் மாதிரி 'தட தட' என்று பிசகும். எது முந்துகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு முதல் நாள் முழுக்கப் போய்விட்டது. நெம்புகோலை ஏற்றினால் வேகத்தோடு சுருதியும் ஏறும். 6 சதவீதம் ஏற்றினால் ஏறக்குறைய அரைக்கட்டை. மூன்றாவது வாரம் ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷத்துக்கு, இரண்டு பாட்டும் ஒட்டி நின்றன. அந்த ஒரு நிமிஷம் நான் மூச்சு விட்டேனா தெரியாது.

பிறகு நண்பர் 'சிங்க்' பட்டனைக் காட்டினார். ஒரு அழுத்து. இரண்டு பாட்டும் ஒட்டிக்கொண்டன. சுருதியும் மாறவில்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், தாளம் சேர்ப்பது டிஜேயின் கலை என்று சொல்வது, சுருதி சேர்ப்பதுதான் பாடகரின் கலை என்று சொல்வதைப் போன்றது. அது வாசல்தான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, கூட்டம் களைத்திருக்கிறதா இல்லை காத்திருக்கிறதா என்பதை எந்தப் பட்டனும் சொல்லாது. எனக்குள்ள கவலை வேறு. காதால் செய்துகொண்டிருந்ததைக் கண்ணால் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். திரையில் அலைக்கோடு ஓடுகிறது, எங்கே டிரம்ஸ் விழும் என்று முன்கூட்டியே தெரிகிறது, தலை லேப்டாப்பை விட்டு நிமிர்வதில்லை. நம்ம ரிசப்ஷன் பையனும் அப்படித்தான். அவன் போட்ட மூன்றாவது பாட்டுக்குப் பிறகு கூட்டம் சாப்பிடப் போய்விட்டது, அவன் கவனிக்கவில்லை.

இன்னொரு பக்கம், 'வினைல் திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா' என்ற பேச்சு. 2022-இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் 41 மில்லியன் விற்றன, சிடி 33 மில்லியன். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அப்போதுதான். உண்மை. ஆனால் அதில் டிஜேக்குப் பெரிய பங்கு இல்லை. விற்பவை பெரும்பாலும் புகழ்பெற்ற பாப் ஆல்பங்கள், அலமாரியில் அழகாக வைக்க. டிஜேக்கு வேண்டியது பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. 1970-களின் நடுவில் டிஸ்கோ காலத்தில் வந்த வடிவம் அது. ஒரே பாட்டு இருந்தால் சுருள் கோடுகளுக்கு நடுவே இடம் தாராளமாகக் கிடைக்கும், கோடு அகலமாக வளைந்தாடலாம், அடிநாதம் நெஞ்சில் இடிக்கிற மாதிரி வரும். ஒரு பக்கத்தில் ஆறு பாட்டு அடைத்த ஆல்பத்தில் அந்தச் சத்தம் வராது.

கருவிகளின் நிலைமை இன்னும் சுவாரசியம். எஸ்எல்-1200 உற்பத்தியை 2010-இல் நிறுத்தினார்கள். 2016-இல் விலையுயர்ந்த அவதாரத்தில் திரும்ப வந்தது, 2019-இல் டிஜேக்களுக்கென்றே எம்கே7. நடுவே 2018-இல் ஷூர் நிறுவனம் ஊசி, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே விட்டுவிட்டது. ஸ்க்ராட்ச் செய்கிறவர்கள் பலர் சத்தியம் செய்துவந்த எம்44-7 அதோடு போனது. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பேனிங்கில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தது. ரெக்கார்டு வெட்டத் தேவையான மூலத் தட்டுகளைச் செய்துகொண்டிருந்தவை உலகத்தில் இரண்டே இடங்கள். அதில் ஒன்று இது, மற்றது ஜப்பானில். வினைலை அழிக்க டிஜிட்டல் தேவையில்லை, ஒரு தீக்குச்சி போதும் என்கிற நிலை.

அதற்காக டிஜிட்டல் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரே கொண்டாடிய ஸ்க்ராட்ச் லைவை செராட்டோ கைவிட்டுவிட்டது. அதோடு வந்த எஸ்எல்1 பெட்டி, அடுத்து வந்த செராட்டோ டிஜே மென்பொருளில் வேலை செய்யாது. பத்து வருஷம்கூடத் தாண்டாத புரட்சி. 1973-இல் அடித்த ஒரு ரெக்கார்டை இன்றைக்கு எந்த டர்ன்டேபிளில் வைத்தாலும் பாடும். இப்போது பாட்டையே வாங்காமல் மாதச் சந்தாவில் இணையத்திலிருந்து நேராக ஓட்டுகிறார்கள். சந்தா நின்றால் பெட்டி காலி. மாமாவின் முதலாளியாவது எடைக்குப் போட்டுக் காசு வாங்கினார்.

ஆகவே என் கணிப்பு இதுதான். பாட்டு சுமக்கிற வேலைக்கு ரெக்கார்டு திரும்பி வராது. சில கிளப்களிலும், சில பிடிவாதக்காரர்களின் தோளிலும் இருக்கும். கைப்பிடியாக வட்டம் இருந்துகொண்டே இருக்கும், ஸ்க்ராட்ச் இருக்கும்வரை. நியூமார்க் 2009-இலேயே என்எஸ்7 என்று ஒரு கருவியில் மோட்டார் வைத்துச் சுற்றும் தட்டைப் பொருத்தியது. ஊசியும் இல்லை, 'கீ…' சத்தமும் இல்லை, தட்டு மட்டும் உண்மையாகவே சுற்றுகிறது. ஏன்? தானாகச் சுற்றும் பொருளைப் பிடித்து நிறுத்துவதும், அசையாமல் கிடக்கும் சக்கரத்தைத் திருப்புவதும் கைக்கு ஒன்றல்ல. ஓடும் தட்டு எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பு இருந்தால்தான் விடுவதற்கு ஒரு அர்த்தம். ரிசப்ஷன் பையனின் பெட்டியில் இருந்தது அசையாத வகை. 'சுத்துறதுக்கு' என்றானே, உண்மையில் அது தானாகச் சுற்றக்கூட இல்லை.

போன வாரம் மாமாவை அந்த நண்பர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். லேப்டாப்பில் அவர் காலத்துப் பாட்டு ஒன்றை ஏற்றி வைத்தோம். மாமா 'கீ…' தட்டை எடுத்தார். விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தூசியை ஊதிவிட்டு, வைத்தார். ஊசியைத் தாழ்த்தும்போது கை நடுங்கவில்லை. பாட்டு வந்தது.

"மாமா, ஓடும்போதே அது மேல கை வச்சுப் பாருங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். "ரெக்கார்டு மேலயா?"

"ஒண்ணும் ஆகாது. வைங்க."

"அடப் போடா மாப்ளே, ஊசி கீறிரும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பாட்டு முடிகிறவரை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.